புல்லில் உறையும் நறுமணம்

அறுவடை முடிந்த வயல்களின் மேலாக மாலைக் காற்று வரத் தொடங்கும் வேளையில், வீரமுனையில் நுளம்பின் இரைச்சலும் உடன் எழுகின்றது. சில வீடுகளில் வேப்பிலையும் நொச்சியிலையும் புகைக்கின்றனர். வேறு சில வீடுகளில் சிறு சீசா ஒன்றிலிருந்து வெளிர்மஞ்சள் நிறமான எண்ணெயிற் சில துளிகளை எடுத்துத் தேங்காயெண்ணெயுடன் சேர்த்துக் கை கால்களிற் பூசிக்கொள்கின்றனர். எலுமிச்சையும் ரோசாவும் ஒருங்கே கலந்தாற் போன்ற கூரிய மணம் திண்ணை முழுவதும் பரவுகின்றது. ஒரு மணி, இரண்டு மணி நேரம் நுளம்பு அணுகுவதில்லை. பின்னர் எண்ணெய் ஆவியாகிப் போய்விட, அது மீண்டும் வந்துவிடுகின்றது. இதுவே சிற்றனெல்லா எண்ணெய். ஒரு வகைப் புல்லின் இலையை வாலையில் இட்டு வடித்துப் பெறுவது. தமிழ் மருத்துவ நூல்கள் காமாட்சிப்புல் என்றும் காவட்டம்புல் என்றும் சொல்லும் இனம் இது. சிங்கள மக்கள் பெங்கிரி என்பர்.

உலகச் சந்தையில் ஒரு காலத்தில் இவ்வெண்ணெய்க்கு இலங்கையே தாயகமாக விளங்கிற்று. இன்று அந்நிலை இல்லை. அது போனதற்கு மண்ணோ மழையோ காரணமன்று. இரண்டு புற்களுள் எதனைத் தாய்ச்செடியாகக் கொள்வது என்ற ஒரு கேள்விக்கு இந்நாடு அளித்த விடையே பெருங்காரணம். அந்த விடையை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், முதலில் மணம் என்பது எங்கிருந்து வருகின்றது என்பதைக் காணல் வேண்டும்.

வீரமுனைப் பிள்ளையார் கோயிலிற் கொளுத்தும் கற்பூரம், கல்முனைக் கடைத்தெருவில் வெள்ளிக்கிழமை தோறும் மணக்கும் ரோசா அத்தர், திண்ணையிற் பூசிய சிற்றனெல்லா எண்ணெய் ஆகிய மூன்றும் உறவுமுறை உள்ளவை என்றால் வியப்பாக இருக்கலாம். மூன்றிலும் மணத்துக்கு உரியவை தெர்ப்பீன் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த பொருள்கள். பைன் மரப் பாலிலிருந்து வடிக்கும் டர்ப்பன்டைன் தைலத்தின் பெயரிலிருந்து பிறந்தது இச்சொல். இப்பொருள்களைப் பிரித்து ஒழுங்குபடுத்தியவர்களுள் முதன்மையானவர் ஜெர்மானியரான ஒட்டோ வாலாக். 1910ஆம் ஆண்டு இரசாயனத்துக்கான நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அவருக்குப் பின் வந்த லெயொப்பொல்டு ருசிக்கா, எல்லாத் தெர்ப்பீன்களும் ஐந்து காபன் அணுக்கள் கொண்ட ஒரே வகைத் துண்டை அடுக்கி அடுக்கிக் கட்டியவையே என்று விளக்கினார். இரு துண்டு சேர்ந்தால் பத்துக் காபன். மேற்சொன்ன மூன்று மணங்களும் பெரும்பாலும் இந்தப் பத்துக் காபன் வகுப்பைச் சார்ந்தவை.

ஒரே துண்டு என்றால் மணம் மட்டும் வேறுபடுவது எப்படி? வீட்டு அடுக்களையில் இதற்கு விடை உண்டு. அரிசி மா ஒன்றே. அதைக் குழலில் இட்டால் பிட்டு; உரலிற் பிழிந்தால் இடியப்பம். மாவை எந்தக் கருவி ஏற்கின்றதோ அதற்கேற்ப உணவு அமைகின்றது. செடியின் உள்ளே அக்கருவிகளாக இருப்பவை நொதியங்கள். பத்துக் காபன் கொண்ட அடிப்படைப் பொருளை ஒரு நொதியம் ஜெரானியோல் ஆக்குகின்றது. அது ரோசா மணம் உடையது. வேறு நொதியங்கள் அதனை மேலும் மாற்றிச் சிற்றனெலால் ஆக்குகின்றன. நுளம்பை விரட்டும் எலுமிச்சை வாடை அதற்குரியது. இன்னொரு நொதியம் அதே அடிப்படைப் பொருளை வளைத்து லிமோனீன் ஆக்கிவிடுகின்றது. தோடம்பழத் தோலில் மிகுதியாக உள்ளது அது, விலை குறைந்தது. எந்த நொதியம் எவ்வளவு வேலை செய்யும் என்பதை அச்செடி தன் பரம்பரையலகுகளிலேயே கொண்டுவருகின்றது. உரமிட்டு இலையைப் பெருக்கலாம். பிட்டுக் குழலை இடியப்ப உரலாக்குதல் உரத்தால் இயலாது. அதற்கு வேறு செடியே வேண்டும்.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிற் கொழும்பில் ஒல்லாந்தரின் மருத்துவராயிருந்த நிக்கலாஸ் கிரிம் என்பவர், அந்நகரைச் சூழ்ந்து வளர்ந்திருந்த ஒரு மணப்புல்லைப் பற்றி எழுதிவைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்புல் தென் மாகாணத்தில், ஜின் கங்கைக்கும் வளவை கங்கைக்கும் இடைப்பட்ட மேட்டு நிலங்களில், பெரும் பயிராயிற்று. மாத்தறை, அம்பாந்தோட்டைப் பகுதிகளில் குன்றுகளின் சரிவெல்லாம் புல், ஓடையோரமெல்லாம் வாலைகள். இலையைக் கொதிகலத்துட் திணித்து நீராவி செலுத்துவர். ஆவியோடு எண்ணெயும் எழுந்து, குளிர்ந்த குழாயினூடே இறங்கிப் பாத்திரத்தில் விழும். நீர் கீழே நிற்க எண்ணெய் மேலே மிதக்கும். பின்னர் அது காலித் துறைமுகம் நோக்கிப் பயணமாகும்.

இப்புல்லில் இரு வகை இருந்தன. ஒன்று லெனபட்டு, மற்றொன்று மகாபெங்கிரி. தாவர ஆய்வாளரான ஜோவிட் இவ்விரண்டையும் ஆராய்ந்து, மகாபெங்கிரி தனி இனம் என்று கண்டு, இலங்கையில் எண்ணெய் வடித்தோருள் முன்னோடியான விண்டர் என்பவரின் பெயரை அதற்குச் சூட்டினார். அகன்ற இலை உடையது மகாபெங்கிரி. ஒரே எடை இலைக்கு லெனபட்டைப் போல ஏறத்தாழ இரு மடங்கு எண்ணெய் தரும். அதனினும் முக்கியமானது எண்ணெயின் உள்ளடக்கம். லெனபட்டு எண்ணெயில் நூற்றுக்கு 5 முதல் 15 வரையே சிற்றனெலால். நூற்றுக்குப் பத்தளவு லிமோனீன். மகாபெங்கிரியிலோ சிற்றனெலால் நூற்றுக்கு 32 முதல் 45 வரை. லிமோனீன் மிகச் சொற்பம். வணிகர் பழைய முறைப்படி மொத்த ஜெரானியோல் என்று ஓர் அளவு கூறுவர். இலங்கை எண்ணெய்க்கு அது 60 அளவில் நிற்க, மற்றதற்கு 85ஐக் கடக்கும். பூசு மணப்பொருள் செய்வோர்க்கு எது வேண்டும் என்று சொல்லவேண்டியதில்லை.

அப்படியாயின் தென் மாகாணத்துக் குடியானவர் ஏன் லெனபட்டையே நட்டனர்? அறியாமை என்று சொல்லிவிடுதல் எளிது. ஆனால் நியாயம் அன்று. மகாபெங்கிரி நல்ல மண்ணைக் கேட்கும். சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். பிடுங்கி மீண்டும் நடவேண்டும். லெனபட்டு கல்லுத் தரையிலும் பிழைக்கும். பத்து ஆண்டுக்கு மேலும் நிற்கும். களையெடுப்போர் இல்லாவிடினும் வாழும். கையிற் பணமும் நல்ல நிலமும் இல்லாதவன் எதனைத் தேர்வான்? மேலும், வாங்குவோர் எண்ணெயை எடையாலேயே விலை பேசினர். அதன் உள்ளே என்ன இருக்கின்றது என்பதற்குக் கிராமத்தில் யாரும் விலை தரவில்லை. தரத்துக்கு விலை இல்லாத சந்தையிலே தரமுள்ள செடிக்கும் இடமில்லை.

எடைக்கே விலை என்றானபின் அடுத்த படி தானே வந்தது. மண்ணெண்ணெய் மலிவு. சிற்றனெல்லா எண்ணெயில் அதனைக் கலந்தால் நிறம் மாறாது, எடை கூடும். காலித் துறையிலிருந்து ஐரோப்பா சென்ற பீப்பாய்களில் இக்கலப்படம் மிகுந்தபோது, ஜெர்மனியின் லைப்சிக் நகரிலிருந்த சிம்மல் நிறுவனத்தார் ஒரு சோதனை வகுத்தனர். நூற்றுக்கு 80 வலிமையுள்ள மதுசாரத்தில் எண்ணெயைக் கரைத்துப் பார்த்தல் வேண்டும். தூய எண்ணெய் தெளிவாகக் கரையும். மண்ணெண்ணெய் இருந்தால் கலங்கும். சோதனை நன்றே. ஆனால் மனித புத்தி அதனினும் நன்று. எவ்வளவு கலந்தாற் கலங்காது என்பதைக் கண்டுகொண்டு அவ்வளவையே கலக்கலாயினர் சிலர்! சோதனையிற் தேறும் வண்ணம் அளந்து கெடுத்த எண்ணெய், தேறிய எண்ணெய் என்றே விற்பனையாயிற்று. சிம்மல் நிறுவனத்தார் பின்னர், தாமே நூற்றுக்கு 5 பங்கு மண்ணெண்ணெய் சேர்த்து, அதன் பின்னும் எண்ணெய் தேறுகின்றதா என்று பார்க்கும் கடுஞ்சோதனையையும் ஏற்படுத்த வேண்டியதாயிற்று. கெட்ட பெயர் கலந்தவனோடு நிற்கவில்லை. கலக்காதவனின் எண்ணெய்க்கும் சேர்ந்தே விலை சரிந்தது.

இதற்கிடையில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில், மகாபெங்கிரி கடல் கடந்து ஜாவாத் தீவு சேர்ந்தது. அங்குத் தோட்டத்துரைமார் வளமான எரிமலை மண்ணில் அதனை நட்டு, காலத்தில் வெட்டி, காலத்தில் மறுநடுகை செய்து, கலப்பில்லாது வடித்து அனுப்பினர். இருபதாம் நூற்றாண்டில் சந்தை ஜாவா எண்ணெயின் பக்கம் சாய்ந்தது. இலங்கையில் இருந்த புல்லுக்கு உலகம் ஜாவாச் சிற்றனெல்லா என்று பெயரிட்டது. பிறந்த வீட்டிற் பாராமுகமாய் இருந்த பெண் புகுந்த வீட்டின் பெயராலேயே ஊரறிந்தவளானாள். அதே எண்ணெயிலிருந்து சிற்றனெலாலைப் பிரித்து, அல்லிமணம் தரும் வாசனைப் பொருளும் செயற்கை மென்தோலும் செய்தனர். பின்னாளில் டர்ப்பன்டைனிலிருந்தே ஜெரானியோலைச் செய்யும் தொழிற்சாலைகள் எழவே, தரம் குறைந்த எண்ணெய்க்கு இருந்த சிறு இடமும் ஒடுங்கிற்று.

நல்ல செடி இயற்கையில் அகப்பட்டதை வைத்துக்கொண்டு நிற்பது ஒரு நிலை. அதனினும் நல்லதை மனிதன் தேடி எடுப்பது அடுத்த நிலை. இத்தேடல் நடைபெறும் விதம் சிறிது விரிவாகக் காணத்தக்கது.

ஆயிரம் தூறுகள் நிற்கும் வயலில் ஒரு தூறு மிகுதியாக மணக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். அதுவே சிறந்த செடி என்று முடிவுகட்டலாகாது. அது மேடான இடத்தில் நின்றிருக்கலாம். நீர் குறைந்து வாடியிருக்கலாம். அதன் இலை இளையதாகவோ முற்றியதாகவோ இருக்கலாம். இவை யாவும் எண்ணெயின் அளவை மாற்றுவன. ஆதலால் ஆய்வாளர், ஐயத்துக்குரிய தூறுகளைப் பிரித்துக் கன்றுகளாக்கி, ஒரே வயலில், ஒரே இடைவெளியில், பல பாத்திகளில் மாற்றி மாற்றி நடுவர். ஒரே நாளில் வெட்டுவர். ஒரே அளவு இலையை, 1928இல் கிளெவெஞ்சர் என்பவர் வகுத்த சிறு கண்ணாடி வாலையில் இட்டு வடிப்பர். அவ்வாறு வயல் வேறுபாட்டைக் களைந்த பின்னரும் எந்தத் தூறு முந்தி நிற்கின்றதோ, அதன் சிறப்பே பிறவிச் சிறப்பு. ஒரே வினாத்தாளை ஒரே மண்டபத்தில் எழுதச் செய்யாமல் மாணவரைத் தரம் பிரித்தல் ஆகாதன்றோ!

பிறகு கணக்கு. ஒரு புல் ஓர் ஏக்கரில் 10,000 கிலோ இலை தந்து, அதில் நூற்றுக்கு அரைப் பங்கு எண்ணெய் இருப்பின், கிடைப்பது 50 கிலோ. வேறொரு புல் 5,000 கிலோ இலையே தந்து, நூற்றுக்கு 0.8 பங்கு எண்ணெய் உடையதாயின், 40 கிலோ. முதலாவதே வென்றது போலத் தோன்றும். ஆனால் முதல் எண்ணெயிற் சிற்றனெலால் நூற்றுக்கு 10 என்றும் இரண்டாவதில் 40 என்றும் கொண்டால், வேண்டிய பொருள் முன்னதில் 5 கிலோ, பின்னதில் 16 கிலோ. இவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்களே. இலையின் எடை, எண்ணெயின் விகிதம், எண்ணெயினுள் வேண்டிய தெர்ப்பீனின் விகிதம் என்னும் மூன்றும் ஒன்றோடொன்று பெருகுவன. ஒன்றைத் தூக்கப் போய் மற்றொன்று தாழ்வதும் உண்டு. மூன்றாவதை அளக்க முற்காலத்தில் மூக்கும் மதுசாரமுமே துணை. 1952இல் ஜேம்ஸ், மார்ட்டின் என்னும் இரு ஆங்கிலேயர் வாயுநிறப்பகுப்பு முறையை வெளியிட்ட பின்னர், ஒரு துளி எண்ணெயின் உள்ளே உள்ள பல பொருள்களைத் தனித்தனியே பிரித்து அளக்க வழி பிறந்தது. செடித் தேர்வு அன்றுதான் உண்மையிற் கண் பெற்றது எனலாம்.

கேரளத்தின் ஓடக்காலி என்னும் ஊரில் எலுமிச்சைப்புல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று 1951இல் தோன்றிற்று. பல இடங்களிலிருந்து திரட்டிய புற்களை மேற்சொன்னவாறு ஒப்பிட்டு, அவற்றுள் ஒன்றை ஓ.டி.19 என்ற எண்ணாற் குறித்து, பின்னர் சுகந்தி என்று பெயரிட்டு வெளியிட்டனர். செந்தண்டு உடைய அப்புல்லின் எண்ணெயிற் சிற்றல் என்னும் மணப்பொருள் நூற்றுக்கு 80 முதல் 85 வரை உள்ளது. லக்னோவில் உள்ள மருத்துவ, நறுமணச் செடி ஆய்வு நிறுவனம் ஜாவாச் சிற்றனெல்லாவில் மஞ்சுஷா, மந்தாகினி முதலிய தேர்வு வகைகளை வெளியிட்டது. பயோ 13 என்னும் வகை பிறந்த விதம் விந்தையானது. இலைத் திசுவைக் குப்பியில் வளர்த்துக் கன்று உண்டாக்கும்போது சில கன்றுகள் தாயினின்றும் சற்று வேறுபட்டுப் பிறக்கும். அத்தகைய கன்றுகளை ஒதுக்கி எறியாமல் ஆராய்ந்து, அவற்றுள் மேலானதைக் கண்டெடுத்தனர். அசாமின் ஜோர்காட் ஆய்வு நிலையமும் தன் பங்குக்கு ஒரு வகையைத் தந்தது. இந்தியாவில் இப்புல் பரவியது 1959க்குப் பின்னரே என்பதை எண்ணிப் பார்த்தால், இலங்கை தவறவிட்ட காலத்தின் நீளம் விளங்கும்.

இதே கலை மேல்நாடுகளில் இன்று பெரும் பொருட்செலவில் நடைபெறுவது கஞ்சாச் செடியில். இந்நாட்டில் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அச்செடியைக் கட்டுப்படுத்துகின்றது. கனடா 2018இல் சட்டத்தால் அனுமதித்த பின், அங்கு அதன் மணத்தை வளர்ப்போர் பலர். பெண் பூவைச் சூழ்ந்த சிற்றிலைகளின் மேல் குண்டூசித் தலை போன்ற நுண்சுரப்பிகள் உள. மிர்சீன், லிமோனீன், பைனீன் முதலிய தெர்ப்பீன்கள் அங்கே சேர்கின்றன. போதைப்பொருளின் ஒரு பாகமும் அதே பத்துக் காபன் துண்டிலிருந்தே ஆக்கப்படுகின்றது. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மகரந்தம் காற்றிற் பறக்கும். ஆதலால் விதையிற் பிறப்பவை ஒன்றைப் போல் ஒன்று இரா. நல்ல பெண் செடி ஒன்றைத் தாயாக வைத்து அதன் தண்டை வெட்டி நடுவதே வழி. சிற்றனெல்லாத் தூறைப் பிரித்து நடுவதும் இதுவே. ஆயின், மூக்கை மட்டும் நம்பலாகாது என்பதற்கும் அச்செடியே சான்று. அதன் காரவாடை தெர்ப்பீனால் ஆனது என்றே நெடுங்காலம் நம்பினர்; மிக நுண்ணிய அளவில் உள்ள கந்தகச் சேர்வைகளே அதற்குக் காரணம் என்று 2021இல் கண்டனர். மணம் மிகுந்த செடி என்று தேர்ந்தோர், தெர்ப்பீன் மிகுந்த செடியைத்தான் தேர்ந்தனரா என்பது ஐயமே.

வீரமுனையின் வயல்களுக்கு நீர் தரும் பட்டிப்பளை ஆற்றைக் கல்லோயா என்ற பெயரால் மேற்கே தொடர்ந்து சென்றால், சேனாநாயக்க சமுத்திரம் வரும். அதனைச் சூழ்ந்த தேசிய வனத்தின் புல்வெளிகளில் ஆள் மறையும் உயரத்துக்கு வளர்ந்து நிற்பது மானாப்புல். மலைநாட்டுத் தோட்டத் தமிழரும் அதை அப்பெயராலேயே அறிவர். அது சிற்றனெல்லாவின் காட்டு உறவு. வேனிலில் தீ ஓடி எரிந்த பின்னும் மழை பெய்தவுடன் தூறு மீண்டும் தளிர்க்கின்றது. கசக்கிப் பார்த்தால் மணம் உண்டு. லெனபட்டின் வறட்சி தாங்கும் வன்மையையும் மகாபெங்கிரியின் எண்ணெயையும் ஒருங்கே உடைய செடி ஒன்று வேண்டுமென்று தேடுவோர்க்கு, இத்தகைய காட்டுப்புற்களின் வேறுபாடுகள் ஒரு களஞ்சியம். வனத்துக்குள் புகுந்து பிடுங்குதல் சட்டத்துக்கு மாறு என்பதையும் உடன் சொல்லிவைத்தல் நலம்.

வீட்டுவளவில் தூறு வைத்திருப்போர் இக்கலையைச் சிறிய அளவில் தாமே செய்து பார்க்கலாம். மாரி மழை தொடங்கும் ஐப்பசியில், அயலவர் மூவர் நால்வரின் வளவிலிருந்து ஒவ்வொரு தூறு பெற்று, இலையைக் கத்தரித்து, இரண்டு மூன்று தண்டு ஒன்றாய் இருக்கும்படி பிரித்து, நீர் தேங்காத ஒரே மேட்டில் இரண்டு முழ இடைவெளியில் நடுதல் வேண்டும். எந்தக் கன்று யாருடையது என்பதைத் தடியில் எழுதி ஊன்ற வேண்டும். நினைவை நம்பினால் மூன்றாம் மாதம் வழக்கு எழும். ஏறத்தாழ ஆறு மாதத்தில் முதல் வெட்டு. ஒரே காலையில், நிலத்திலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டி, ஒரே எடை இலையை ஒரே அளவு நீருடன் மூடிய பானையிற் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து இறங்கும் நீரைத் தனித்தனிச் சீசாக்களிற் பிடித்து ஓரிரவு அசையாது வைத்தல் வேண்டும். மேலே மிதக்கும் எண்ணெய்ப் படையின் கனத்தைக் கண்ணாற் காணலாம். ஒரு வெட்டில் முந்திய தூறு அடுத்த வெட்டிலும், அதற்கடுத்த வெட்டிலும் முந்துகின்றதா என்று பார்த்த பின்னரே மற்றவற்றைப் பிடுங்கி, அந்த ஒன்றை மட்டும் பிரித்து வளவெங்கும் நட வேண்டும்.